வாசகர் விபுலானந்தர்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சுவாமி விபுலானந்தரைப் பற்றிப் பேசுவதற்கு எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. துறவியாக, பேராசிரியராக, பாடசாலைகளை வளர்த்தவராக, யாழ்நூல் ஆசிரியராக அவரைப் பேசுகிறார்கள். ஆண்டுதோறும் யூலை மாதத்தில் கல்லடி உப்போடையிலுள்ள அவரது சமாதியிலே மலர் வைக்கிறார்கள். எல்லாம் தகும். ஆனால் நான் இன்று பேச விரும்புவது வேறொரு விபுலானந்தரைப் பற்றி. அவர் எழுதியவற்றுக்கு முன்னால் அவர் வாசித்தவை இருக்கின்றன அல்லவா? அந்த வாசகரைப் பற்றி.

இப்படி ஒரு விருப்பம் எனக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகவியல் படிப்பித்தவன். உயர்தர வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவி, கொப்பியின் பின்பக்கங்களிலே கவிதை எழுதுவாள். நல்ல கவிதைகள். ஒருநாள் அந்தப் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன. கேட்டேன். "ரியூஷன் சேர் சொன்னவர், விஞ்ஞானப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு, ரெண்டு தோணியிலே கால் வைக்காதே எண்டு" என்றாள். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பரீட்சையை நினைத்துத்தான் சொன்னார். வாவிக் கரையிலே பிறந்தவர்களுக்கு அந்த உவமை நன்றாகவே விளங்கும். என்றாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரண்டு தோணியல்ல, ஏழெட்டுத் தோணிகளிலே கால் வைத்த ஒருவர் இதே வாவிக் கரையில் வாழ்ந்தார், அவர் கவிழவில்லை. எப்படி என்று தேடத் தொடங்கினேன்.

1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி காரைதீவிலே மயில்வாகனன் பிறந்தார். அதே 1892இல்தான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு சென்னையிலே அச்சேற்றினார். இந்தத் தற்செயலை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு நூலும் அதன் வாசகரும் ஒரே ஆண்டிலே உலகத்துக்கு வந்தார்கள். பின்னாளில் அந்த நூலின் அரங்கேற்று காதையிலே, யாழாசிரியன் அமைதி கூறும் சில அடிகளை விளங்கிக்கொள்வதற்காகத்தான் அவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளைச் செலவிட்டார்.

சிலப்பதிகாரம் காரைதீவுப் பிள்ளைக்கு வெறும் புத்தகமாக இருந்திருக்க முடியாது. காரைதீவின் கண்ணகை அம்மன் கோயில் எங்கள் பகுதியிலே பேர்பெற்றது. வைகாசி மாதத்திலே கதவு திறந்து, வழக்குரை படித்து, குளிர்த்தி பாடி முடிக்கும் அந்த நாட்களைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மதுரையை எரித்தவளின் சினம் தணிய வேண்டும், மழை பெய்ய வேண்டும், அம்மையும் கொள்ளையும் விலக வேண்டும் என்று ஊர் முழுவதும் கூடி நிற்கும். கோவலனும் மாதவியும் கண்ணகியும் அங்கே பாட்டிமாருக்கும் தெரிந்த மனிதர்கள். பண்டிதர்களுக்கு ஏட்டிலே கிடைத்த கதை, எங்கள் ஊரிலே காதிலே கிடைத்தது. விபுலானந்தரின் வாசிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரியிலிருந்து தொடங்குகிறார்கள். கோயில் வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

கல்லூரிகளும் முக்கியந்தான். தமிழும் வடமொழியும் அவருக்கு ஊரிலேயே, புலோலி வைத்தியலிங்க தேசிகர் போன்றோரிடம் வாய்த்தன. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மெதடிஸ்த பாடசாலைகளிலே ஆங்கிலம். பிறகு புனித மிக்கேல் கல்லூரி. அங்கே இயேசுசபைத் துறவியான பொனெல் அடிகளார் கணிதத்திலே வல்லவர். சைவக் குடும்பத்துப் பிள்ளை, மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலமும் கத்தோலிக்கத் துறவியிடம் கணிதமும் கற்றுப் பதினாறு வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அதன்பின் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி. 1916இல் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யோசித்துப் பாருங்கள்: பகலிலே இரசாயன ஆய்வுகூடம், இரவிலே தொல்காப்பியம். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே அவர் இரசாயனம் கற்பித்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலே சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தரானார்.

துறவு பூண்ட அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று நினைக்கிறீர்கள்? வேதாந்தமல்ல, நாடகம். அந்தப் பேச்சே விரிந்து 1926இல் 'மதங்க சூளாமணி' என்ற நூலாயிற்று. ஷேக்ஸ்பியருக்கு அவர் வைத்த பெயர் செகசிற்பியார். நூல் மூன்று இயல். முதலிலே நாடகத்தின் உறுப்புகள். நடுவிலே செகசிற்பியாரின் பன்னிரண்டு நாடகங்கள் எடுத்துக்காட்டாக வருகின்றன. இறுதியிலே வடமொழித் தசரூபகம் முதலியவற்றின் இலக்கணம். காவி உடுத்த கையோடு காதலும் கொலையும் பித்தும் நிறைந்த நாடகங்களைத் தமிழாக்கிக் கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டேன். செகசிற்பியாரின் நாடகங்களைச் சுவை இலக்கணத்துக்குள் அடக்கும்போது சில இடங்களிலே சட்டை இறுக்கமாக இருக்கிறது. லியர் அரசனின் துயரத்தை அவலச் சுவை என்று ஒரு பெட்டியிலே போட்டுவிட்டால், அந்தக் கிழவன் புயலிலே நின்று கேட்ட கேள்விகளெல்லாம் வெளியே நின்றுவிடுகின்றன. நடையும் பண்டித நடை. இன்றைய இளைஞர்கள் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் களைத்துவிடுவார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி பெரியது. இங்கிலாந்திலே ஒருவன் எழுதியதை, தனஞ்சயனின் வடமொழி இலக்கணத்தையும் நம் கூத்து மரபையும் கையிலே வைத்துக்கொண்டு வாசிக்க முடியுமா? அந்தக் காலத்திலே ஆங்கிலம் படித்தவர்கள், தமிழை ஆங்கில அளவுகோலால் அளந்து பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் அளவுகோலைத் திருப்பிப் பிடித்தார்.

அவருடைய சின்னக் கட்டுரைகளின் தலைப்புகளைப் படித்தாலே வாசிப்பின் அகலம் தெரிந்துவிடும். 'மேற்றிசைச் செல்வம்', 'யவனபுரத்துக் கலைச்செல்வம்', 'ஆங்கிலவாணி', 'விஞ்ஞான தீபம்', 'சோழமண்டலத் தமிழும் ஈழமண்டலத் தமிழும்'. தாகூரின் நூலொன்றைப் 'பூஞ்சோலைக் காவலன்' என்று தமிழிலே தந்தார். விவேகானந்தரின் ஞானயோகத்தையும் கர்மயோகத்தையும் மொழிபெயர்த்தார். 1930களிலே சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணி நடந்தபோது அதிலே முன்னின்றார். நான் வகுப்பறையிலே பயன்படுத்திய சொற்கள் பலவற்றுக்குப் பின்னால் அந்தத் தலைமுறையின் உழைப்பு இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இல் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர், பாரதி பாடல்களைப் பல்கலைக்கழக மண்டபத்துக்குள் கொண்டுபோனார். பாரதியைக் கவிஞனென்று ஒப்புக்கொள்ளப் பண்டிதர்கள் பலர் தயங்கிய காலம் அது. சங்கப்பாட்டிலே ஊறியவர் சமகாலக் கவிஞனைக் கண்டுகொள்வது, இன்றைக்கும் நம் மத்தியிலே அபூர்வமான குணம்.

இப்படிப் பட்டியல் போட்டால் ஒரு சந்தேகம் எழும். பலதும் தெரிந்த சிலரை நாம் பார்த்திருக்கிறோம். எதைக் கேட்டாலும் நான்கு வசனம் சொல்வார்கள். ஐந்தாவது வசனம் இருக்காது. விபுலானந்தரும் அப்படித்தானா?

இதற்கு விடை யாழ்நூலிலே இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

யாழ் என்றால் வீணை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டும் வேறு. வீணையிலே ஒரே தந்தியை மெட்டுகளின் மேல் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். யாழிலே ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி நரம்பு. வில்லை வளைத்து நாண் கட்டிய வடிவந்தான் அதன் ஆதி வடிவம். பெரும்பாணாற்றுப்படையிலே இடையன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டி வாசிக்கிறானே, அது வில்யாழ். பிறகு பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று அது வளர்ந்தது. வளர்ந்தது, மறைந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் காலத்திலேயே பழைய இசைநூல்கள் பல இறந்துவிட்டன என்பதை அவரே கூறிச் செல்கிறார். சாமிநாதையர் பதிப்பித்தபோது பாட்டு கிடைத்தது, உரை கிடைத்தது. கருவி கிடைக்கவில்லை, அதை வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதரும் இல்லை. அரங்கேற்று காதையின் அந்த அடிகள் பூட்டிய பெட்டகம்போல் இருந்தன.

அந்தப் பூட்டைத் திறக்க எத்தனை சாவிகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ்ப் புலமை வேண்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நரம்புகளின் பெயர்கள் செய்யுளிலே எங்கெங்கே எந்தப் பொருளிலே வருகின்றன என்று பார்க்க வேண்டும். அது மட்டும் போதாது. மூன்று சாண் நீளமான ஒரு நரம்பை மீட்டி, அந்த ஒலியைக் குரல் என்று கொள்வோம். அதே தடிப்பும் அதே முறுக்கும் உள்ள இரண்டு சாண் நரம்பு இளியைத் தரும். ஒன்றரைச் சாண் நரம்பு அடுத்த தாயியின் குரலைத் தரும். இது பௌதிகவியல். நான் பத்தாயிரம் தடவை கரும்பலகையிலே எழுதிய பாடம். குரலுக்கு இளி, அந்த இளிக்கு இன்னொரு இளி என்று பன்னிரண்டு தடவை ஏறிப்போனால், ஏழு தாயி தாண்டிப் புறப்பட்ட குரலுக்கே வந்து சேர வேண்டும். கணக்குப் போட்டால் மயிரிழை கூடுகிறது: 128க்குப் பதிலாக 129.7. வட்டம் சரியாக மூடுவதில்லை. கிரேக்கத்திலே பைதகோரசின் வழிவந்தவர்களைத் திண்டாட வைத்த அதே மயிரிழைதான், ஒரு தாயிக்குள் எத்தனை சுருதி என்ற நம்மவர் வாதத்துக்கும் அடியிலே கிடக்கிறது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகர'த்திலே இருபத்துநான்கு என்றார். விபுலானந்தர் இருபத்திரண்டு என்ற பக்கம் நின்றார். 1941இல் கல்கத்தா றிவியூவிலே பழந்தமிழ் யாழ்களையும் இருபத்திரண்டு சுருதிகளையும் பற்றி ஆங்கிலத்திலும் எழுதினார்.

கணக்கும் தமிழும் சேர்ந்தாலும் இன்னும் போதாது. கருவியின் உருவம் எப்படி இருந்தது? அதற்கு வரலாறு வேண்டும், சிற்பம் பார்க்கத் தெரிய வேண்டும். அமராவதிச் சிற்பங்களிலே வில்வடிவான யாழை ஏந்தியவர்கள் இருக்கிறார்கள். எகிப்திலும் இருக்கிறார்கள். விபுலானந்தர் வாழ்ந்த காலத்திலேயே, 1920களில், ஊர் என்ற சுமேரிய நகரத்தின் கல்லறைகளை லெனாட் வூலி அகழ்ந்து யாழ் வகைகளை வெளியே எடுத்தார். பழைய நாகரிகங்களின் வரலாற்றை ஆசையோடு படித்து எழுதிய ஒருவருக்குத்தான் சிலப்பதிகாரத்தின் ஒரு சொல், கல்லிலே செதுக்கிய ஒரு வளைவு, ஒரு கணிதப் பின்னம் ஆகிய மூன்றும் ஒரே பொருளைக் காட்டுகின்றன என்று தெரியவரும்.

ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்று சொன்னேன். அப்படியானால் யாழிலே பண் மாற்றுவது எப்படி? நரம்புகளை அவிழ்த்துக் கட்டவேண்டியதில்லை. குரலாக நின்ற நரம்பை விட்டுவிட்டு வேறொரு நரம்பைக் குரலாகக் கொண்டு தொடங்கினால், அதே ஏழு நரம்புகளிலிருந்து இன்னொரு பாலை பிறக்கும். இதுதான் பாலைத்திரிபு. யாழ்நூலிலே இதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இயல் அது. பண்டிதர்கள் கடினம் என்று ஒதுக்குவார்கள். அட்டவணையும் பின்னமும் நிறைந்த பக்கங்கள் அவை. பௌதிகம் படித்த பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை நாளிலே விளங்கிக்கொள்வார்கள். ஆனால் அவர்களிடம் யாரும் கொடுப்பதில்லை. இலக்கிய நூல் என்று கலைப் பிரிவு அலுமாரியிலே அடுக்கிவிட்டோம்.

யாழ்நூலின் முடிபுகள் எல்லாவற்றையும் பின்வந்த இசை ஆராய்ச்சியாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றில்லை. சுருதிக் கணக்கிலும், பழைய பண் இன்றைய எந்த இராகம் என்ற கேள்வியிலும் வாதம் தொடர்கிறது. தொடரட்டும். வாதாடுவதற்கு ஒரு தளம் வேண்டுமே. அந்தத் தளத்தைப் போட்டவர்களிலே இவர் ஒருவர்.

அவருடைய காதும் இந்தக் கதையிலே வருகிறது. எங்கள் வாவியிலே முழுநிலா இரவுகளில் தோணியை நிறுத்தித் துடுப்பை நீருக்குள் விட்டு, அதன் பிடியைக் காதோடு வைத்துக் கேட்டால் ஓர் இசை கேட்கும் என்பார்கள். மீன்பாடும் தேனாடு என்ற பெயர் அப்படி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எமர்சன் ரெனன்ற் என்ற ஆங்கில அதிகாரி அதைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலியோடு ஒப்பிட்டு எழுதினார். பிற்காலத்திலே லாங் அடிகளார் என்ற இயேசுசபைத் துறவி அதை ஒலிப்பதிவு செய்தார். மீனா, ஊரியா, எது பாடுகிறது என்று இன்றும் வாதாடுகிறோம். விபுலானந்தர் அதைக் கேட்டு 'நீரர மகளிர்' என்று பெயரிட்டுப் பாட்டாக்கினார். பழைய இலக்கியத்து நீர்மகளிரைக் கல்லடி வாவிக்குள் இறக்கிவிட்டார். இதைக் கற்பனை என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து வரும் ஒலியைச் சுரமாகக் கேட்ட காதுதான், நூற்றாண்டுகளாக மௌனமாயிருந்த நரம்புகளையும் கேட்டது என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு வாசித்தவருக்கு இதயம் வரண்டுபோயிருக்குமோ என்று கேட்பவர்கள் 'கங்கையில் விடுத்த ஓலை'யைப் படிக்கட்டும். இறந்துபோன நண்பரை நினைத்து எழுதியது. தத்துவம் கற்ற துறவி, உடல் நிலையாது என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர், அங்கே நண்பனை இழந்த மனிதனாக நிற்கிறார். தத்துவத்தை வைத்துத் துக்கத்தை மூடவில்லை. நான் என் மூத்த சகோதரரை இழந்த ஆண்டிலே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தையில்லை.

நேயர்களே, எங்கள் பகுதியிலே புத்தகம் சேர்ப்பது தண்ணீரில் எழுதுவது போன்றது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியிலே கூரைகள் பறந்தபோது பரம்பரை ஏடுகளும் நனைந்து கூழாயின. பிறகு இடப்பெயர்வுகள், ஓடுகிறவன் கையிலே பிள்ளையைத் தூக்குவானா, புத்தகத்தைத் தூக்குவானா? 2004 திசெம்பர் 26இலே கடல் காரைதீவுக்கும் கல்லடிக்கும் நாவலடிக்கும் உள்ளே வந்தது. என்னுடைய அலுமாரி மூன்று முறை வெறுமையாகி மூன்று முறை நிரம்பியது. மூன்றாவது முறை நிரப்பும்போது என் மகன் கேட்டான், "அப்பா, இப்பவும் எதுக்கு எல்லா விதமும் வாங்குறீங்க? உங்களுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்களன்" என்று. எது தேவையானது என்று முன்கூட்டியே தெரிந்து விபுலானந்தர் படித்திருந்தால் யாழ்நூல் பிறந்திராது. 1908இலே கணக்குப் படித்த பையனுக்கு, அந்தக் கணக்கு நாற்பதாண்டு கழித்து மாதவியின் அரங்கேற்றத்தை விளக்க உதவும் என்று யார் சொல்லியிருக்க முடியும்? மகனுக்கு அப்படித்தான் பதில் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு அலுமாரிக்கு இன்னொரு தட்டு அடித்துத் தந்தான்.

1947 யூன் மாதத்திலே தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. நூலாசிரியர் அப்போது நோயாளி. ஆறேழு கிழமைதான், யூலை 19ஆம் திகதி கொழும்பிலே மறைந்தார். வயது 55. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, அவர் வளர்த்த கல்லடி சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்தார்கள். ஆண்டவனுக்கு எந்த மலர் உகந்தது என்று கேட்கும் அவருடைய பாட்டை அங்கே பொறித்திருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாம்.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. அவரை வாசிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. யாழ்நூலை முதலில் எடுக்காதீர்கள், பயந்துவிடுவீர்கள். கட்டுரைத் தொகுதிகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றிலே 'ஆங்கிலவாணி'யை முதலில் படியுங்கள், பிறகு 'விஞ்ஞான தீபம்'. விஞ்ஞானப் பிரிவிலே படிக்கிறவர்கள் அதன்பின் நேராகப் பாலைத்திரிபியலுக்குப் போகலாம். பக்கத்திலே ஒரு கல்குலேற்றரும் ஒரு தமிழ் அகராதியும் இருக்கட்டும். எந்த நரம்பு எந்தப் பாலையைத் தருகிறது என்று போட்டுப் பார்த்துவிட்டு, விடை வராவிட்டால் எனக்கு எழுதுங்கள்.